ஜி7 ஆல்ட் கார்டுக்குள் ஏ பிளாட் மைனர் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "மேஜர் ஸ்கேலும் அதிலிருந்து வரும் டூ-ஃபைவ்-ஒன் (ஸ்கேலின் இரண்டு, ஐந்து, ஒன்றாம் இடத்து) கார்டுகளும் பியானோவில் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஆனால் ஜி7 ஆல்ட் என்று எழுதியிருந்தால் 'ஏ பிளாட் மெலோடிக் மைனர் வாசி' என்கிறார்கள். ஜி கார்டுக்கும் ஏ பிளாட்டுக்கும் என்ன உறவு? அந்த ஸ்கேலின் ஏழு மோடுகளையும் பன்னிரண்டு சுருதியிலும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஒரே ஸ்கேலை அதன் ஏழு ஸ்வரங்களிலிருந்தும் தொடங்கினால் கிடைக்கும் ஏழு மோடுகளின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள், ஆனால் ஒரு பாட்டுக்கு நாலு கார்ட் பிடித்துக் கூட வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. ஜாஸ்காரர்கள் மெலோடிக் மைனரை ஏழு ஸ்கேல்களாகக் கேட்பதில்லை. ஒரே ஓசையாகக் கேட்கிறார்கள். அடியில் பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அந்த ஓசையின் பெயர் மாறுகிறது. இடது கையின் ஒரே ஒரு பிடியை வைத்தே இதைக் காட்டிவிடலாம். அதற்கு முன் ஏ பிளாட் எங்கிருந்து வந்து குதித்தது என்று பார்ப்போம்.

ஜி7 கார்டைப் பிடியுங்கள்: ஜி, பி, டி, எஃப். இதில் எதை எடுத்துவிட்டால் அது ஜி7 இல்லாமல் போகும்? ஜி வேண்டும், பேஸ் அதுதான். பி வேண்டும், இல்லாவிட்டால் மேஜரா மைனரா என்றே தெரியாது. எஃப் வேண்டும், செவந்த் அதுதான். பி-யும் எஃப்-உம் சேர்ந்து ஆறு அரை ஸ்டெப் தூரத்தில் ஒரு ட்ரைடோனாக நிற்கின்றன. அந்த உரசல்தான் கார்டை சி-யை நோக்கித் தள்ளுகிறது. டி மட்டும் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். காது அதைத் தேடாது.

ஆக ஜி, பி, எஃப் மூன்றையும் தொடாமல் வைத்துவிட்டு மீதியை அசைத்துப் பார்ப்போம். ஐந்தாம் ஸ்வரமான டி-யை அரை ஸ்டெப் இறக்கினால் டி பிளாட், ஏற்றினால் ஈ பிளாட். ஒன்பதாம் ஸ்வரமான ஏ-யை இறக்கினால் ஏ பிளாட், ஏற்றினால் பி பிளாட். பதின்மூன்றாம் ஸ்வரமான ஈ-க்கு வேலை இல்லை. அதன் இடத்தை ஈ பிளாட் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. ஆல்ட், அதாவது ஆல்டர்ட் (மாற்றப்பட்டது), என்று எழுதியிருப்பது இந்த நான்கு மாற்றங்களையும் ஒருசேரக் குறிக்கத்தான்.

இப்போது கையில் உள்ளவற்றை வரிசையாக வாசியுங்கள்: ஜி, ஏ பிளாட், பி பிளாட், பி, டி பிளாட், ஈ பிளாட், எஃப். ஏழு ஸ்வரங்கள். அதே ஏழையும் ஏ பிளாட்டிலிருந்து தொடங்கி வாசித்துப் பாருங்கள்: ஏ பிளாட், பி பிளாட், பி, டி பிளாட், ஈ பிளாட், எஃப், ஜி. முதல், மூன்றாவது, ஐந்தாவது கட்டைகளை மட்டும் அழுத்தினால் ஏ பிளாட், பி, ஈ பிளாட். சுத்தமான ஏ பிளாட் மைனர் கார்ட். அதன் ஆறாவதும் ஏழாவதும் மேஜரில் இருப்பது போல உயர்ந்து நிற்கின்றன. இதைத்தான் மெலோடிக் மைனர் என்கிறோம்.

யாரும் ஜி-க்கு மேல் ஏ பிளாட்டைக் கொண்டுவந்து ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜி7-இன் உயிரான மூன்று ஸ்வரங்களை விட்டுவிட்டு மற்றவற்றை வளைத்தோம், வளைத்து முடித்தபோது அது தற்செயலாக நமக்கு முன்பே தெரிந்த ஒரு ஸ்கேலாக இருந்தது. தெரிந்த ஸ்கேல் என்பதால் விரல்கள் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கின்றன. "அரை ஸ்டெப் மேலே உள்ள மெலோடிக் மைனர்" என்று சொல்லிக்கொடுப்பது ஒரு குறுக்குவழி, அவ்வளவே.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஏ பிளாட் மெலோடிக் மைனரில் ஜி-யிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ஜி, பி பிளாட், டி பிளாட், எஃப் என்று வரும். அது ஜி மைனர் 7 பிளாட் 5, அதாவது ஹாஃப் டிமினிஷ்ட். நமக்கு வேண்டிய டாமினன்ட், அதாவது மேஜர் மூன்றாவதும் பிளாட் 7-உம் உள்ள ஜி7, எங்கே போனது? பதில் அந்த பி-யில் இருக்கிறது. ஏ பிளாட் மைனரின் கணக்கில் அதை சி பிளாட் என்று எழுத வேண்டும், ஜி-யிலிருந்து எண்ணினால் அது நான்காவது. ஆனால் காது எழுத்துக்கூட்டிக் கேட்பதில்லை. ஜி-க்கு மேல் அந்தக் கட்டையை அழுத்தினால் கேட்பது மேஜர் மூன்றாவதுதான். மேஜர் மூன்றாவது வந்தபிறகு பக்கத்தில் இருக்கும் பி பிளாட் தானாகவே ஷார்ப் 9 ஆகிவிடுகிறது. அடுக்கிவைக்கும் விதி தரும் கார்ட் வேறு, ஜாஸில் வழக்கத்தில் உள்ள கார்ட் வேறு. ஏழாவது இடத்தில்தான் இந்தக் குழப்பம் பெரிது.

ஸ்கேலையே பக்கத்தில் போய்ப் பார்க்க சி மெலோடிக் மைனருக்கு வருவோம். சி, டி, ஈ பிளாட், எஃப், ஜி, ஏ, பி. சி மேஜரில் ஈ-யை மட்டும் பிளாட் ஆக்கினால் போதும். ஒரே ஒரு கருப்புக் கட்டை. மேற்கத்தியச் செவ்விசைப் பாடத்தில் இது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று படித்திருப்பீர்கள். ஏறும்போது பி சி-யை நோக்கி இழுக்க வேண்டும், அதனால் ஏழாவதை உயர்த்தினார்கள். அப்படி உயர்த்தியதும் ஏ பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது, அதை நிரப்ப ஆறாவதையும் உயர்த்தினார்கள். இறங்கும்போது இழுக்க வேண்டிய தேவை இல்லை, இரண்டையும் பழையபடி இறக்கிக்கொண்டார்கள். இது மெட்டு போகும் போக்குக்காகச் செய்த ஏற்பாடு. ஜாஸில் இந்த ஸ்கேலிலிருந்து கார்ட் எடுக்கிறோம். கார்ட் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் இரண்டு திசையிலும் ஒரே ஸ்வரங்கள். ஜாஸ் மைனர் என்ற பெயரும் இதனால்தான்.

ஸ்கேலின் அமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஈ பிளாட்டிலிருந்து பி வரை ஈ பிளாட், எஃப், ஜி, ஏ, பி என்று தொடர்ந்து முழு ஸ்டெப்கள், அது ஹோல் டோன் ஸ்கேலின் துண்டு. பி-யிலிருந்து எஃப் வரை பி, சி, டி, ஈ பிளாட், எஃப் என்று அரை, முழு, அரை, முழு, அது டிமினிஷ்ட் ஸ்கேலின் துண்டு. இரண்டு விதமான மயக்கமும் ஒரே ஸ்கேலுக்குள். மேஜர் ஸ்கேலிலிருந்து வரும் கார்டுகள் பளிச்சென்று இருக்க, இதிலிருந்து வருபவை கொஞ்சம் புகைமூட்டமாகக் கேட்பது இதனால்தான்.

ஏழு இடத்துக் கார்டுகளையும் ஒருமுறை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி-யில் சி மைனர் மேஜர் 7. டி-யில் டி மைனர் 7 வரும், ஆனால் ஒன்பதாவது பிளாட் ஆக இருப்பதால் பெரும்பாலும் டி சஸ் பிளாட் 9 என்று வைத்துக்கொள்வார்கள் (சஸ் என்றால் மூன்றாவதுக்குப் பதில் நான்காவது). ஈ பிளாட்டில் மேஜர் 7 ஷார்ப் 5. எஃப்-இல் எஃப்7 ஷார்ப் 11. ஜி-யில் ஜி7 பிளாட் 13. ஏ-யில் ஏ மைனர் 7 பிளாட் 5. பி-யில் மேலே பார்த்த கதைதான், பி7 ஆல்ட். இவற்றில் அன்றாடம் வேலைக்கு வருபவை சி, எஃப், ஏ, பி ஆகிய நான்கு இடங்கள். மற்றவை எப்போதாவது.

இனி பியானோ முன்னால் உட்காருங்கள். இடது கையில் நடு சி-க்குக் கீழே உள்ள ஈ பிளாட்டில் தொடங்கி ஈ பிளாட், ஜி, ஏ, மேலே டி என்று நான்கு கட்டைகளைப் பிடியுங்கள். சுண்டுவிரல் ஈ பிளாட்டில், கட்டைவிரல் டி-யில். நடுவில் ஜி-யும் ஏ-யும் அடுத்தடுத்து இருப்பதால் கொஞ்சம் கடிக்கும், அந்தக் கடி வேண்டும். டாம்பர் பெடலை அழுத்தி, பிடியை ஒலிக்க விட்டுவிட்டு, கையைக் கீழே கொண்டுபோய் ஒவ்வொரு பேஸ் ஸ்வரமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

பேஸில் சி: ஈ பிளாட் மைனர் மூன்றாவது, ஜி ஐந்தாவது, ஏ ஆறாவது, டி ஒன்பதாவது. சி மைனர் 6, ஒன்பதோடு. பாட்டு முடிந்து நிற்கும் இடத்துக்கேற்ற கார்ட்.

பேஸில் எஃப்: அதே ஈ பிளாட் இப்போது பிளாட் 7, ஜி ஒன்பதாவது, ஏ மேஜர் மூன்றாவது, டி பதின்மூன்றாவது. எஃப்13. வலது கையில் ஒரு பி சேர்த்தால் ஷார்ப் 11 வந்துவிடும்.

பேஸில் பி: ஈ பிளாட் மேஜர் மூன்றாவது, ஜி ஷார்ப் 5, ஏ பிளாட் 7, டி ஷார்ப் 9. பி7 ஆல்ட். பிடியில் ஒரு கட்டைகூட மாறவில்லை.

பேஸில் ஏ: ஈ பிளாட் பிளாட் 5, ஜி பிளாட் 7, ஏ ரூட், டி பதினொன்றாவது. ஏ மைனர் 7 பிளாட் 5. பேஸில் டி வைத்தால் டி சஸ் பிளாட் 9. பேஸில் ஈ பிளாட் வைத்தால் ஈ பிளாட் மேஜர் 7 ஷார்ப் 11. அதில் ஷார்ப் 5 வேண்டுமானால் வலது கை ஒரு பி கொடுக்க வேண்டும்.

ஆறு பெயர், ஒரே பிடி. இதைக் காதால் வாங்கிக்கொண்டுவிட்டால் மோடுகளின் பட்டியல் ஞாபகத்தில் வைத்துச் சுமக்க வேண்டிய பாரமாக இருக்காது. ரூட்டை விட்டுவிட்டு இடது கையில் நான்கு ஸ்வரம் பிடிக்கும் இந்த முறை 1950களின் பிற்பகுதியில் பில் எவன்ஸ், வின்டன் கெல்லி போன்ற ஜாஸ் பியானிஸ்ட்களால் பரவியது. ரூட்டை வாசிக்கத்தான் பேஸ் வாத்தியக்காரர் இருக்கிறாரே. பியானோக்காரர் அதையே திரும்ப வாசித்தால் இடத்தையும் அடைத்துக்கொள்வார், பேஸ்காரரின் கையையும் கட்டிவிடுவார். தனியாகப் பயிற்சி செய்யும்போது மட்டும் ரூட்டை முதலில் தட்டிவிட்டுப் பிறகு பிடிக்கு வாருங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன ஆறு பெயர்களில் எது ஒலிக்கிறது என்று உங்கள் காதுக்கே தெரியாது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். சி-யை சட்ஜமாக வைத்தால் இந்த ஸ்கேலின் ஸ்வரங்கள் 23-வது மேளமான கௌரிமனோகரியின் ஸ்வரங்கள். கிரக பேதம் செய்து ரிஷபத்தை சட்ஜமாக்கினால் நாடகப்ரியா, மத்திமத்தை ஆக்கினால் வாசஸ்பதி, பஞ்சமத்தை ஆக்கினால் சாருகேசி. எஃப்7 ஷார்ப் 11-க்கு வாசிக்கும் லிடியன் டாமினன்ட்டின் (இதே ஸ்கேலை எஃப்-இல் தொடங்கினால் வருவது) ஸ்வரங்கள் வாசஸ்பதியினுடையவை. காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றிலிருந்தும் தொடங்கினால் பஞ்சமம் கிடைக்காது, அதனால் மேளகர்த்தா அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், நிஷாதத்திலிருந்து பிறக்கும் அந்தப் பஞ்சமம் இல்லாத ஸ்கேல்தான் ஆல்டர்ட், ஜாஸ்காரர்கள் இந்த வீட்டில் அதிகம் புழங்கும் அறை. ஸ்வரங்கள் ஒன்று என்பதால் ராகமும் ஸ்கேலும் ஒன்றாகிவிடாது. ராகத்துக்குப் பிடிப்பும் கமகமும் உண்டு, அங்கே ஆதார சுருதி அசையாது. இங்கே பேஸ் இரண்டு தட்டுக்கு ஒருமுறை ஆதாரத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறது. மேலே விரல்கள் அதே ஸ்வரங்களில் இருக்க, காது கிரக பேதத்தை உணர்ந்துகொண்டே இருக்கிறது.

சரி, ஒரு டாமினன்ட் கார்ட் வருகிறது. அதற்கு ஆல்டர்ட் எடுப்பதா, லிடியன் டாமினன்ட் எடுப்பதா? எனக்குத் தெரிந்து உருப்படியான விதி ஒன்றுதான்: அந்தக் கார்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். ஜி7 போய் சி-யில், அதிலும் சி மைனரில் இறங்கப் போகிறதென்றால் ஆல்டர்ட். ஐந்து ஸ்வரம் கீழே இறங்கித் தீரும் டாமினன்ட்டுக்கு எவ்வளவு உரசல் ஏற்றினாலும் தாங்கும். அப்படி இறங்காமல் வேறு பக்கம் நழுவும் டாமினன்ட்டுக்கு லிடியன் டாமினன்ட். சி மேஜர் பாட்டில் பி பிளாட் 7 வந்து நேராக சி-க்குப் போகும் இடம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே எஃப் மெலோடிக் மைனர் எடுங்கள். பி பிளாட் அந்த ஸ்கேலின் நான்காவது. எஃப் மைனர் 6 கார்டை, அதாவது எஃப், ஏ பிளாட், சி, டி ஆகியவற்றைப் பிடித்து அடியில் பி பிளாட் வைத்துப் பாருங்கள், பி பிளாட் 9 கேட்கும். சி மேஜரில் நான்காவது கார்ட் மைனராக மாறி ஏங்கவைக்கும் அந்தப் பழைய தந்திரம்தான், பேஸ் மட்டும் வேறு.

ஷார்ப் 11 காதுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி டியூக் எலிங்டன் குழு 1941-ல் பதிவு செய்த 'டேக் தி ஏ ட்ரெயின்' பாட்டின் மூன்றாவது பாரைக் கேட்கலாம். சி மேஜர் பாட்டு, அந்த இடத்தில் டி7 வருகிறது, மெட்டு ஜி ஷார்ப்பில் போய் நிற்கிறது. டி-க்கு அது ஷார்ப் 11. மெட்டே அந்த ஸ்வரத்தில் நிற்பதால் தப்பாமல் காதில் விழும்.

ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஜி7-க்குப் பதில் டி பிளாட் 7. அதுவும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஏ பிளாட் மெலோடிக் மைனரின் நான்காவது டி பிளாட், ஏழாவது ஜி. ஆக ஜி7 ஆல்ட்டும் டி பிளாட் 7 ஷார்ப் 11-உம் ஒரே ஸ்கேல், ஒரே பிடி. பேஸ்காரர் ஜி வாசித்தால் ஒன்று, டி பிளாட் வாசித்தால் மற்றொன்று. 1940களில் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணிக்காரர்கள் இதைப் புகுந்து விளையாடினார்கள். அவர்கள் அதை ஆல்டர்ட் ஸ்கேல் என்று நினைத்து வாசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஜி7-க்கு மேல் ஏ பிளாட் மைனர் 6 என்று எடுத்துக்கொண்டாலே போதும்: ஏ பிளாட், பி, ஈ பிளாட், எஃப். ஜி-யிலிருந்து பார்த்தால் பிளாட் 9, மூன்றாவது, பிளாட் 13 (ஷார்ப் 5-க்கு இன்னொரு பெயர்), பிளாட் 7. அதே நான்கு ஸ்வரங்களை எஃப்-இல் தொடங்கி அடுக்கினால் எஃப் மைனர் 7 பிளாட் 5. டி பிளாட்டுக்கு மேல் வைத்தால் டி பிளாட் 9. டெட்ராய்ட்டில் பிறந்த பியானிஸ்ட் பாரி ஹாரிஸ் (1929–2021) காலமெல்லாம் பாடம் நடத்தியது மேஜர் 6, மைனர் 6 போன்ற ஆறாம் கார்டுகளை மையமாக வைத்துத்தான். ஸ்கேல் பெயர் சொல்லிப் படிப்பதைவிட அந்த வழி கைக்குச் சீக்கிரம் வரும் என்பது என் அபிப்பிராயம்.

இனி சி மைனரில் ஒரு டூ-ஃபைவ்-ஒன்: டி மைனர் 7 பிளாட் 5, ஜி7 ஆல்ட், சி மைனர் 6. முதலாவது எஃப் மெலோடிக் மைனரிலிருந்து, இரண்டாவது ஏ பிளாட்டிலிருந்து, மூன்றாவது சி-யிலிருந்து. மூன்று ஸ்கேல் என்று பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த அந்தப் பிடியையே மூன்று இடத்தில் வைக்கிறோம்: ஏ பிளாட், சி, டி, ஜி. பிறகு பி, ஈ பிளாட், எஃப், பி பிளாட். பிறகு ஈ பிளாட், ஜி, ஏ, டி. மொத்தப் பிடியும் முதலில் மூன்று அரை ஸ்டெப் ஏறுகிறது, பிறகு நான்கு அரை ஸ்டெப் ஏறுகிறது. வாசித்துப் பாருங்கள், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் கை தவளை மாதிரி தாவும்.

தாவாமல் வாசிக்க ஸ்வரங்களை வரிசை மாற்றிப் பிடிக்க வேண்டும். நடு சி-க்குக் கீழே உள்ள டி-யில் தொடங்கி டி, ஜி, ஏ பிளாட், சி. அடுத்தது ஈ பிளாட், எஃப், பி பிளாட், பி. கடைசியாக ஈ பிளாட், ஜி, ஏ, டி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒவ்வொரு விரலும் என்ன செய்கிறது என்று உற்றுப் பாருங்கள். டி அரை ஸ்டெப் ஏறி ஈ பிளாட். ஜி முழு ஸ்டெப் இறங்கி எஃப். ஏ பிளாட் முழு ஸ்டெப் ஏறி பி பிளாட். சி அரை ஸ்டெப் இறங்கி பி. ஓரத்து இரண்டும் அரை ஸ்டெப், நடுவில் இரண்டும் முழு ஸ்டெப், எதிரெதிர்த் திசையில். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஈ பிளாட் அப்படியே நிற்கிறது, எஃப் ஜி ஆகிறது, பி பிளாட் ஏ-க்கு இறங்குகிறது, பி மட்டும் டி-க்கு மூன்று அரை ஸ்டெப் எட்டிப்போகிறது. இப்படி வாசித்தால் மூன்று கார்டுகளும் ஒரே மூச்சில் சொன்ன வாக்கியம் போல வரும். இதைவிடக் கீழே, பேஸ் பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் கீழே போனால் சேறாகிவிடும்.

வலது கைக்கு ஜி7 ஆல்ட் மேல் எட்டு ஸ்வரத்தில் ஒரு வரி தருகிறேன், எல்லாம் எய்ட்த் நோட்: எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட் என்று ஏறி, டி பிளாட், பி, பி பிளாட், ஏ பிளாட் என்று இறங்கி, அடுத்த பாரின் முதல் தட்டில் ஜி. அந்த ஜி சி மைனரின் ஐந்தாவது. ஏறும் பாதி முன்பு சொன்ன எஃப் மைனர் 7 பிளாட் 5, அதாவது ஏ பிளாட் மைனர் 6-ஏதான். இறங்கும் பாதி ஸ்கேல். இறங்கும்போது பி-யில் கட்டைவிரல் விழட்டும், அதன்மேல் மூன்றாம் விரலைத் தாண்டி பி பிளாட்டில் வைத்தால் ஏ பிளாட்டும் ஜி-யும் தானாக இரண்டு, ஒன்று என்று வந்துவிடும். ஆரம்பத்தில் ஸ்விங் ஏற்றாமல் நேராக, மெட்ரோனோமில் 60-இல் வாசியுங்கள். பி-யும் பி பிளாட்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில் மேஜர் மூன்றாவதும் ஷார்ப் 9-உம் மோதுவதைக் காது ரசிக்கத் தொடங்கிய பிறகு வேகம் கூட்டுங்கள்.

இன்னும் சுலபமான ஒரு வழி உண்டு. இடது கையில் பி, எஃப் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வலது கையில் ஈ பிளாட் மேஜர் ட்ரையட் (மூன்று ஸ்வரக் கார்ட்) வாசியுங்கள்: பிளாட் 13, ரூட், ஷார்ப் 9. அப்படியே டி பிளாட் மேஜர் ட்ரையடுக்கு நகருங்கள்: பிளாட் 5, பிளாட் 7, பிளாட் 9. ஏ பிளாட் மெலோடிக் மைனரில் இருக்கும் மேஜர் ட்ரையடுகள் இந்த இரண்டும்தான். இவற்றை மாற்றி மாற்றி உடைத்து வாசித்தாலே பெரிய வித்தைக்காரர் போலக் கேட்கும்.

"இந்த ஸ்கேலில் தவிர்க்க வேண்டிய ஸ்வரமே கிடையாது" என்று பாடப்புத்தகங்களில் ஒரு வாசகம் அடிபடும். சி மேஜர் 7-க்கு மேல் எஃப்-ஐ நிறுத்தினால் ஈ-யோடு முட்டிக்கொண்டு கெடுக்குமே, அதுபோன்ற முட்டல் இங்கே இல்லை என்பது அதன் பொருள். பெரும்பாலும் உண்மைதான். சி மைனர் மேஜர் 7, எஃப்7 ஷார்ப் 11, ஏ மைனர் 7 பிளாட் 5 மூன்றிலும் ஏழு ஸ்வரங்களில் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் ஐந்தாவது இடமான ஜி7 பிளாட் 13-ஐ எடுத்துக்கொண்டால் சி-யை நிறுத்த முடியாது, பி-க்கு அரை ஸ்டெப் மேலே நின்றுகொண்டு மூன்றாவதையே அமுக்கிவிடும். அந்த இடத்தை யாரும் அதிகம் தொடாததற்குக் காரணம் இதுதான். சி மைனருக்குப் போகும் ஜி7-க்கு சி மெலோடிக் மைனரையே வாசித்தால் தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். ஏ பிளாட் மெலோடிக் மைனரைக் கொண்டுவந்தால் சி வந்து சேரும்போது ஒரு கதவு திறந்த உணர்வு வரும்.

சி மைனர் என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த ஸ்கேலை எடுக்கலாமா என்றும் ஒரு சந்தேகம் வரும். அந்த சி மைனர் வீட்டுக் கார்டாக, பாட்டு வந்து தங்கும் இடமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அதே சி மைனர் 7, பி பிளாட் மேஜருக்குப் போகும் வழியில் இரண்டாவது கார்டாக வந்தால் வேண்டாம். அங்கே பி பிளாட் கேட்க வேண்டும், நீங்கள் பி வாசித்தால் அதோடு முட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு டோரியன், அதாவது பி பிளாட் மேஜர் ஸ்கேலையே சி-யில் தொடங்கி வாசிப்பது.

பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று கேட்டால்: பன்னிரண்டு சுருதியிலும் ஸ்கேலை ஏற்றி இறக்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஈ பிளாட், ஜி, ஏ, டி என்ற அந்தப் பிடியைப் பன்னிரண்டு இடத்திலும் கண்ணை மூடிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மைனர் மூன்றாவது, ஐந்து, ஆறு, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பேஸில் மூன்று பெயர் மட்டும் போதும்: அதே ரூட் வைத்தால் மைனர் 6, நான்காவது ஸ்வரத்தை வைத்தால் 13, ஏழாவதை வைத்தால் ஆல்ட். கார்டைப் பார்த்து ஸ்கேலைக் கண்டுபிடிக்கும் எதிர்த்திசைக் கணக்கும் வேண்டும். ஆல்ட் என்றால் அரை ஸ்டெப் மேலே. ஷார்ப் 11 என்றால் ஐந்தாவது ஸ்வரத்தின் மைனர். மைனர் 7 பிளாட் 5 என்றால் மூன்று அரை ஸ்டெப் மேலே. இந்தக் கணக்கு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மண்டையில் ஓடாது, விரலில் இறங்கியிருக்க வேண்டும். தினம் ஒரே ஒரு மைனரை எடுத்துக்கொண்டு அதில் ஊறுவது, பன்னிரண்டையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாக, மேலே சொன்ன டூ-ஃபைவ்-ஒன்னில் ஓர் உறுத்தல் இருக்கிறது. டி மைனர் 7 பிளாட் 5-க்கு எஃப் மெலோடிக் மைனர் எடுத்தால் ஒன்பதாவது ஸ்வரமாக ஈ வரும், பிளாட் இல்லாத ஈ. பாட்டோ சி மைனர், அதில் ஈ பிளாட்தான் குடியிருப்பு. இந்த ஈ-யை நீளமாக நிறுத்தினால் கார்ட் அழகாக ஒளிரும், ஆனால் பாடகர் அடுத்து ஈ பிளாட் பாடப்போகிறார் என்றால் அவர் காதில் சி மேஜர் வரப்போகிறது என்ற தப்பான செய்தி விழும். பாடகருக்குக் கூட வாசிக்கும்போது அந்த ஈ-யை விட்டுவிட்டு டி, ஜி, ஏ பிளாட், சி என்ற பிடியோடு நின்றுகொள்ளுங்கள், அதில் ஈ-யும் இல்லை, ஈ பிளாட்டும் இல்லை. சோலோ உங்களுடையது என்றால் வாசியுங்கள், ஆனால் உடனே ஈ பிளாட்டுக்கு இறக்கிவிடுங்கள். அது ஜி7 ஆல்ட்டின் ஷார்ப் 5, அடுத்த கார்ட் வந்து விழ வேண்டிய இடமும் அதுதான்.